விரிசல் விட்ட மணியை உருக்காமல் காப்பாற்றினார்கள்

இங்கிலாந்தில், லெஸ்டர்ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தபோது, ஊர்த் தேவாலயத்தின் மணிகளைப் பழுதுபார்க்கக் கழற்றப் போகிறோம், கை கொடுக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். போனேன். முதல் நாள் மணியைத் தொடவே இல்லை. ஜாக்டா என்கிற சிறிய காக்கைகள் கோபுரத்துக்குள் சேர்த்து வைத்திருந்த சுள்ளியையும் எச்சத்தையும் மூட்டை மூட்டையாகக் கீழே இறக்கியதோடு சரி.

அங்கே ஒவ்வொரு மணியும் பெரிய சக்கரத்தில் பூட்டியிருக்கும். வாய் மேலே பார்க்க நின்று, ஒரு முழுச் சுற்று சுற்றிவந்து, மறுபடி அப்படியே நிற்கும். பேரிங் தேய்ந்துவிட்டால் கயிறு இழுப்பவரின் தோள் பாடு திண்டாட்டம். நாக்கு அதே இரண்டு இடங்களில் அடித்து அடித்து விளிம்பு குழிந்துபோகும். அதற்கு வைத்தியம், மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டுவது. அவ்வளவுதான்!

பெரிய வாக்குவாதம் நடந்தது விரிசல் விட்ட ஒரு மணியைப் பற்றி. உருக்கிப் புதிதாக வார்த்துவிடலாம் என்றார்கள் சிலர். வார்த்தால் அதன் மேலிருக்கும் 17ஆம் நூற்றாண்டு எழுத்துகள் போய்விடும் என்று மணியடிக்கும் பெரியவர்கள் விடவில்லை. நானும் அவர்கள் கட்சிதான். மணி வெண்கலத்தில் செம்பு ஏறக்குறைய 77 சதவீதம், வெள்ளீயம் 23 சதவீதம். இவ்வளவு வெள்ளீயம் இருப்பதால் நாதம் நன்றாக வரும், ஆனால் உலோகம் எளிதில் விரிசல் விடும். சாதாரணமாக வெல்டிங் வைத்தால் விரிசல் இன்னும் ஓடும். முழு மணியையும் உலையில் சூடேற்றி, அதே கலவையால் பற்றவைத்து, நிதானமாக ஆறவிட வேண்டும். இதற்கெல்லாம் மறைமாவட்டத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேறு.

மற்ற வேலைகள் லஃப்பரோ நகரில், ஜான் டெய்லர் என்ற மணி வார்ப்பகத்தில். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் 'கிரேட் பால்' என்ற 16 டன்னுக்கும் மேற்பட்ட மணி 1881இல் வார்க்கப்பட்டது அங்கேதான். சுருதி சேர்க்க மணியை வாய் மேலே பார்க்க வைத்து, உட்புறத்தைக் கடைசல் இயந்திரத்தில் சீவுகிறார்கள். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் விரிசல் விட்ட அந்தப் பழைய மணியை மட்டும் சீவாமல், மற்றவற்றை அதன் சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: பல கோபுரங்களில் வாரம் ஒரு மாலை மணியடிக்கும் பயிற்சி நடக்கும். கேட்டால் மேலே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், கயிற்றையும் கையில் கொடுப்பார்கள்.