சிறைத் தண்டனை முடித்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியுமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி நாட்களில் பேருந்து நிலையத்தில் நடந்த அடிதடி ஒன்றில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவின் கீழ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்று மாதச் சிறைத் தண்டனையை முழுமையாக அனுபவித்து 2018இல் வெளியே வந்தேன். அதன் பிறகுதான் சட்டம் படித்துப் பட்டம் பெற்றேன். இப்போது வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கையில், குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. எழுதாமல் விட்டுவிடு என்கிறார் என் அண்ணன். எனக்குத் தகுதி இருக்கிறதா?

நெல்லை வழக்கறிஞர்:
தம்பி, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரைப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்லும் அதே பிரிவு, விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தால் அந்தத் தடை நீங்கிவிடும் என்றும் சொல்கிறது. தவிர, எல்லா அடிதடியும் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது. ஆபாசமாக நடந்துகொண்டதாக 20 ரூபாய் அபராதம் கட்டிய கடைநிலை ஊழியரின் வழக்கில் (பவன் குமார், 1996), அந்தத் தண்டனையை மட்டும் காட்டி ஒழுக்கக்கேடு என்று முடிவுகட்ட முடியாது என உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் 24ஏ உங்களைத் தடுக்கவில்லை.

கடலூர் வாசகர்:
தடையே நீங்கிவிட்டதென்றால், பழையதை அவர் ஏன் கிளற வேண்டும்? அண்ணன் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நெல்லை வழக்கறிஞர்:
ஐயா, நீங்குவது தகுதியின்மை மட்டும்தான். தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. முக்கியமான உண்மையை மாற்றிக் கூறிப் பதிவு பெற்றவரின் பெயரை, அவரை விசாரித்துவிட்டுப் பட்டியலிலிருந்து நீக்க 26ஆம் பிரிவு இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. பத்து ஆண்டுகள் தொழில் நடத்தி, கட்சிக்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? உண்மையைச் சொன்னவருக்கோ அதே பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: மாநில கவுன்சில் தானாக மறுத்துவிட முடியாது, காரணங்களோடு இந்திய பார் கவுன்சிலின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்:
தம்பி பின்னாளில் உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதக்கூடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம், பணிக்கு வருபவர் தண்டனை, கைது, நிலுவை வழக்கு பற்றிய தகவலை மறைக்காமல் தர வேண்டும் என்றது. ஆனால் உண்மையைச் சொன்னவரையும் கட்டாயம் நியமிக்க வேண்டியதில்லை என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே அரசுப் பணியில் கதவு முழுமையாகத் திறந்திருப்பதாக எண்ண வேண்டாம்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், தண்டனை அறிவிக்கும் முன்பே, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் பலனைத் தங்கள் வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு 24ஏ பிரிவின் தடை முதல் நாளிலிருந்தே பொருந்தாது. இதைக் கேட்காமலேயே சிறைக்குப் போன இளைஞர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

வைகைக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நாளை மனுப் போடுகிறேன். அதையும் சிறையில் தந்த விடுதலைச் சான்றையும் இணைத்தே விண்ணப்பத்தைக் கொடுக்கிறேன்.