கடலூர், புதுச்சேரி பக்கம் கணவன் மனைவி சேர்ந்து போகிற கவுன்சலிங்: ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கெடிலக்கரை கேட்டது:

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேட்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு நல்ல ஆலோசகர் வேண்டும். தேடினால் ‘மனநல ஆலோசகர்’, ‘சைக்காலஜிஸ்ட்’, ‘ஃபேமிலி கவுன்சலர்’, ‘லைஃப் கோச்’ என்று ஏகப்பட்ட போர்டு. யார் முறையாகப் படித்தவர், யார் வெறுமனே போர்டு மாட்டியவர் என்று பிடிபடவில்லை. புதுச்சேரி வரைக்கும் வரத் தயார். அடி, குடி எதுவும் கிடையாது. ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் சண்டை, அப்புறம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுதான் பிரச்சினை. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பேச்சு தமிழில்தான் இருக்க வேண்டும். பெயரும் நம்பரும் வேண்டாம். போன் பண்ணினால் என்ன கேட்க வேண்டும், எத்தனை தடவை போக வேண்டியிருக்கும், எதைப் பார்த்து நம்புவது, இதைத் தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

தென்பெண்ணை:

முதலில் போர்டில் இருக்கிற பட்டத்தைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. சைக்கியாட்ரி, டி.என்.பி., டி.பி.எம். என்று இருந்தால் அவர் மனநல மருத்துவர். மருந்து எழுதுகிற உரிமை உள்ளவர். எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜி என்றால் இரண்டு வருஷம் மருத்துவமனைப் பயிற்சியோடு படித்தவர். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ‘ஏ’ என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய பதிவு அது என்பதால், சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணிப் பட்டமோ எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜியோ படித்தவர்களுக்கு ஆர்.சி.ஐ. எண் இருக்காது. அதனால் அவர்கள் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடும்பத்தோடு வேலை செய்து நன்றாகத் தேறியவர்கள் அவர்களிலும் உண்டு. நீங்கள் ஒதுங்க வேண்டியது, என்ன படித்தீர்கள் என்று கேட்டால் கல்லூரிப் பெயரும் வருஷமும் சொல்லாமல் சுற்றி வளைப்பவரிடமிருந்து. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருப்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது ஆராய்ச்சிப் பட்டமாகவும் இருக்கலாம்.

ஆனால் பட்டத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் தம்பதியரோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா? ஒருவரை உட்காரவைத்துக் கேட்பது ஒரு வேலை. ஒருவர்மேல் ஒருவர் கோபத்தோடு வந்திருக்கிற இரண்டு பேரை ஒரே அறையில் வைத்து, இரண்டு பேருக்கும் நியாயமாக நடந்துகொள்வது முற்றிலும் வேறு வேலை. அந்தப் பயிற்சி இல்லாதவர், யார் முதலில் அழுகிறாரோ, யார் நன்றாகப் பேசுகிறாரோ, அவர் பக்கம் தன்னை அறியாமலே சாய்ந்துவிடுவார். மற்றவர் மூன்றாவது அமர்வுக்கு வரமாட்டார். கவுன்சலிங் போயும் பலனில்லை என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த இடத்தில் உடைந்தவைதான்.

ஆகவே போனில் இதைக் கேளுங்கள்: “ஜோடியாக வருகிறவர்களை வாரத்துக்கு எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? எந்த முறையில் வேலை செய்கிறீர்கள்?” பதிலில் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த காட்மன் முறை, இ.எஃப்.டி. என்கிற உணர்ச்சி சார்ந்த சிகிச்சை, நடத்தை சார்ந்த தம்பதியர் சிகிச்சை இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லி, அது என்ன என்று இரண்டு வரியில் தமிழில் விளக்கவும் முடிந்தால் நல்லது. “ரெண்டு பேரையும் உக்கார வெச்சு அட்வைஸ் பண்ணுவேன்” என்றால் வேறு இடம் பாருங்கள். அட்வைஸ் கொடுக்க உங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் இருப்பார்கள்.

இரண்டாவது கேள்வி: “எங்களில் ஒருவர் தனியாக உங்களிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா?” இதற்கு அவரிடம் ஏற்கெனவே தீர்மானமான விதி இருக்க வேண்டும். சிலர், தனியாகச் சொல்வது எதுவானாலும் பிறகு இருவர் முன்னும் வந்தாக வேண்டும் என்பார்கள். சிலர் காத்துக்கொள்வார்கள். இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். விதியே இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

மூன்றாவது, நேரமும் பணமும். ஓர் அமர்வு 50 நிமிஷமா, 90 நிமிஷமா? தம்பதியருக்கு 50 நிமிஷம் பல சமயம் பத்தாது. சண்டை சூடாகும்போது மணி அடித்துவிடும், அந்தச் சூட்டோடு வீடு திரும்புவீர்கள். கட்டணம் ஒருவருக்கா, ஜோடிக்கா, வராமல் விட்டால் உண்டா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, கையைக் கடிக்காமல் தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகே தேதி வாங்குங்கள். 8 முதல் 20 அமர்வு வரை போவது சகஜம். பணம் தீர்ந்து நாலாவதில் நிறுத்தினால், புண்ணைக் கீறிவிட்டுக் கட்டுப் போடாமல் வந்த கதையாகிவிடும்.

முறையாக நடந்தால் முதல் அமர்வில் இருவரும் சேர்ந்து இருப்பீர்கள். அடுத்து ஆளுக்கு ஒரு தடவை தனியாக. நாலாவதில் அவர் என்ன புரிந்துகொண்டார், எதை நோக்கி வேலை செய்யப்போகிறோம் என்று இருவர் முன்னாலும் சொல்வார். நாலாவது அமர்வு முடிந்தும் இலக்கு என்ன என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நீங்கள் எழுதிய ‘பத்து நிமிஷத்தில் சண்டை, மூன்று நாள் மௌனம்’ இந்தத் துறையில் மிகவும் தெரிந்த வடிவம். ஒருவர் துரத்துவார், இன்னொருவர் ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்க துரத்தல் கூடும். நல்ல ஆலோசகர் அறைக்குள்ளேயே அதைப் பிடிப்பார். உதாரணத்துக்கு, “நீங்க எப்பப் பாத்தாலும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கீங்க, வீட்டப் பத்தி என்ன அக்கறை” என்று மனைவி ஆரம்பிக்கிறார். கணவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். ஆலோசகர் அங்கேயே நிறுத்துவார். போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். “அவர் ஜன்னல் பக்கம் திரும்பினாரே, அப்ப உங்களுக்குள்ள என்ன ஆச்சு?” என்று மனைவியைக் கேட்பார். “அந்த ‘அக்கறை’ங்கிற வார்த்தை விழுந்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுதா?” என்று கணவரைக் கேட்பார். பிறகு அதே விஷயத்தை வேறு வாக்கியத்தில் சொல்லவைப்பார்: “ராத்திரி சாப்பாடு நேரத்துல ஒரு கால் மணி நேரம் என்கூடப் பேசினா எனக்கு நிம்மதியா இருக்கும்.” முதல் வாக்கியத்தில் ஆள் குற்றவாளி. இரண்டாவதில் ஒரு தேவை இருக்கிறது, கால் மணி நேரம் என்ற அளவும் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே மூன்று, நாலு அமர்வு பிடிக்கும்.

ஊசுடு ஏரி:

தென்பெண்ணை சொன்னது சரி. நான் ஊர் விவரம் சொல்றேன்.

செலவில்லாம ஆரம்பிக்கணும்னா 14416. டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்னிக்கு ஆரம்பிச்ச அரசாங்க மனநல உதவி எண். 24 மணி நேரமும் இருக்கும், தமிழ்ல பேசலாம், இலவசம். தம்பதியர் சிகிச்சை முழுசா அதுல நடக்காது. ஆனா உங்க மாவட்டத்துல எங்க போகலாம்னு அங்க கேக்கலாம். கூப்பிடும்போது ‘ரெண்டு பேரும் சேந்து போகணும்’ங்கிறத முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. இல்லன்னா உங்க ஒருத்தருக்கான ஆலோசனையாத்தான் பேச்சு போகும்.

கடலூர்ல அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. புதுச்சேரின்னா கோரிமேட்டுல ஜிப்மர், கதிர்காமத்துல இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. ரெண்டு இடத்துலயும் மனநலத் துறை இருக்கு. ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க: இங்கெல்லாம் முதல்ல வெளிநோயாளி சீட்டு, அப்புறம் மருத்துவர், அவர் அனுப்பினாத்தான் உளவியலாளர். சீட்டு காலையிலதான் போடுவாங்க. கூட்டம் நெறைய. முதல் நாள் நீண்ட பேச்சை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. அரை நாள் லீவு பத்தாது, முழு நாளா போட்டுக்கங்க. தூக்கமில்ல, பசியில்ல, எதுலயும் ஈடுபாடு இல்ல, குழந்தை பிறந்த பிறகு மனசு சரியில்லன்னு ஒருத்தருக்கு இருந்தா இந்த வழிதான் முதல் வழி. மனச்சோர்வை அப்படியே விட்டுட்டு ஜோடி கவுன்சலிங் பண்ணினா வண்டி நகராது.

ஒருத்தரும் பாத்துடக் கூடாதுன்னு நெனச்சா புதுச்சேரியில தனியார் இடமா பாருங்க. கடலூர்லேந்து பஸ்ஸு அடிக்கடி இருக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம். வெளியூர்க்காரங்க கூட்டத்துல அரியாங்குப்பம் தாண்டி முதலியார்பேட்டை நெருங்கும்போதே நேரம் போயிடும். லேட்டாப் போனா உங்க அமர்வுதான் குறையும், கட்டணம் குறையாது. ஷிப்ட் ஆளுக்கு நைட் முடிஞ்ச காலையில தேதி வாங்காதீங்க. தூக்கம் கெட்ட மனுஷன் எதுக்கெடுத்தாலும் சீறுவார். ஷிப்ட் அட்டவணையப் பாத்து நாலு தேதிய மொத்தமா வாங்கிடுங்க.

கெடிலக்கரை:

ரொம்ப உபகாரம். இன்னும் இரண்டு கேள்வி. அவர் “நமக்கென்ன பைத்தியமா” என்று வர மறுத்தால் நான் மட்டும் போகலாமா? மகளிர் காவல் நிலையத்தில் இலவசமாகக் கவுன்சலிங் கொடுக்கிறார்கள், குடும்ப நீதிமன்றத்திலும் உண்டு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது எப்படி?

தேவனாம்பட்டினம்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டால் திரும்புவது கஷ்டம். காவல் நிலையத்தில் நடப்பது புகார் மனு மீதான விசாரணையும் சமரசமும். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். புகார் என்று ஒன்று எழுத்தில் போய்விட்டால் எதிர்த்தரப்பு வக்கீலைத் தேட ஆரம்பிக்கும். உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தே இல்லை. குடும்ப நீதிமன்றம் 1984-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சமரசத்துக்கு முயற்சி எடுப்பது அந்த நீதிமன்றத்தின் கடமை என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது, ஆலோசகர்களும் உண்டு. ஆனால் வழக்குத் தாக்கலான பிறகுதான் அது வரும். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா, குழந்தை யாரிடம் என்பதைத் தீர்க்கிற இடம் அது. மூன்று நாள் மௌனத்தைத் தீர்க்கிற இடம் இல்லை.

உங்களுக்கு இல்லை என்று எழுதிவிட்டீர்கள், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் வைப்பது, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது இருக்கிற வீட்டில் ஜோடியாக உட்கார்ந்து பேசுவது பாதுகாப்பில்லை. அறைக்குள் உண்மையைச் சொன்னதற்கு வீட்டுக்குப் போய் அடி விழும். அதனால்தான் தனி அமர்வில் ஒவ்வொருவரிடமும் “வீட்டில் பயமாக இருக்கிறதா” என்று கேட்பது இந்தத் தொழிலில் கட்டாயமான பழக்கம். அந்தக் கேள்வியையே கேட்காத ஆலோசகர் அரைகுறை. இப்படிப்பட்ட நிலையில் இருக்கிற பெண்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி மூலம் உதவி உண்டு. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இனி அவர் வர மறுப்பது. நீங்கள் மட்டும் போகலாம், ஆனால் அது உங்களுக்கான தனி ஆலோசனை. ஜோடி சிகிச்சை ஆகாது. இதில் ஒரு சிக்கல்: ஐந்தாறு அமர்வு நீங்கள் தனியாகப் போன பிறகு அதே ஆலோசகரிடம் அவரைக் கூட்டிப்போனால், “உன் ஆள்கிட்ட என்னைக் கூட்டிட்டு வந்துட்ட” என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆகவே தனியாகப் போவதானால் ஒருவர், ஜோடிக்கு வேறொருவர் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அவரை அழைக்கிற விதமும் முக்கியம். சண்டை முடிந்த சூட்டில் “வா, உன்னை டாக்டர்கிட்டக் காட்டணும்” என்றால் யாரும் வரமாட்டார்கள். படபடப்பு அடங்கவே குறைந்தது 20 நிமிஷம் வேண்டும் என்பார் ஜான் காட்மன். அதுவரை எது சொன்னாலும் ஏறாது. அமைதியான ஒரு நாளில், ஷிப்ட் இல்லாத பொழுதில், இப்படி: “எனக்குப் பேசத் தெரியாம எடுத்தவுடனே சண்டையாயிடுது. ரெண்டு பேரும் ஒரு மூணு தடவை போய்ப் பார்ப்போம். உங்களுக்குப் பிடிக்கலன்னா நிறுத்திடலாம்.” மூன்று என்று எண்ணிக்கை சொல்வதில் பலன் உண்டு, முடிவில்லாத ஒன்றுக்குள் இழுக்கிறார்கள் என்ற பயம் குறையும். ஆணா பெண்ணா, எந்த வயது, எந்த ஊர் ஆலோசகர் என்பதை அவரையே முடிவு செய்யவிடுங்கள். முதல் போனை அவர் பண்ணினால் இன்னும் நல்லது.

பயணம் ஒத்துவராவிட்டால் வீடியோவில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு பேரும் ஒரே திரை முன்னால், இரண்டு முகமும் முழுசாகத் தெரிகிற தூரத்தில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்தால் ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் மாறுவது ஆலோசகர் கண்ணில் படாது. அவர் வேலையில் பாதி அந்த முகத்தைப் பார்த்துத்தான். மாமியார், குழந்தைகள் இருக்கிற வீடென்றால் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, ஜன்னல் வழியாகக் குரல் போகும். கார் இருந்தால் நிழலில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பேசுவது பலருக்கு ஒத்துவருகிற ஏற்பாடு. போனை டேஷ்போர்டில் நிறுத்திவையுங்கள், முன்கூட்டியே ஒரு தடவை கூப்பிட்டுச் சிக்னல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேச்சு உச்சத்தில் இருக்கும்போது படம் உறைந்து நின்றால், மறுபடி அந்த இடத்துக்கு வர அன்றைக்கு முடியாது.