எனர்ஜி டிரிங்க் கஃபைன் கணக்கு: கொஞ்சம் உதவுங்க

நண்பர்களே, நைட் ஷிஃப்டுக்காக எனர்ஜி டிரிங்க்குகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுறேன். 250 மி.லி. ரெட் புல் கேன்ல 80 மி.கி. கஃபைன், 500 மி.லி. மான்ஸ்டர்ல 160. மான்ஸ்டர்தான் ஸ்ட்ராங்குன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். வகுத்துப் பார்த்தா ரெண்டுமே 100 மி.லி.க்கு 32 தான்! கேன்தான் பெருசு.

குழப்பம் எங்கேன்னா, கையில இருக்கிற இன்னொரு கேன்ல பொடி எழுத்துல 'குவாரானா சாறு'ன்னு மட்டும் இருக்கு, அளவே இல்லை. குவாரானா விதையிலயும் கஃபைன் உண்டே. லேபிள்ல போட்டிருக்கிற மி.கி.யில அதுவும் சேர்த்தியா, தனியா கூட்டணுமா?

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரைன்னு சொல்றாங்க. நான் காபியும் விடமாட்டேன், அதான் கேட்கிறேன். லேபிள் படிக்கத் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.