நிர்பயா நிதியில் டாக்சிக்கும் கேமரா வைக்கலாமா?

கலா_தாம்பரம்: டெல்லி கொடுமைக்குப் பிறகு 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கியது நிர்பயா நிதி. அந்தப் பணத்தில்தான் சென்னை மாநகரப் பேருந்துகளில் கேமராவும் அவசர பட்டனும் வந்தன. டாக்சிக்கு மட்டும் ஏன் கூடாது? பேருந்திலாவது கூட நாலு பேர் இருப்பார்கள். நடுராத்திரி ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது டாக்சியில் நானும் டிரைவரும்தான்.

மஞ்சள்போர்டு: மேடம், நான் டாக்சி ஓட்டுகிறவன். 2019 ஜனவரியிலிருந்து பதிவாகும் டாக்சிகளுக்கு ஜிபிஎஸ்ஸும் அவசர பட்டனும் கட்டாயம் (ஆட்டோவுக்கு விலக்கு, அது தனிக் கூத்து). கைக்காசு போட்டு மாட்டினேன். பின்சீட்டில் வந்த குழந்தை ஒன்று அந்தச் சிவப்பு பட்டனை விளையாட்டாக அழுத்திக்கொண்டே வந்தது. ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாளைக்குக் கேமராவை மட்டும் யார் பார்க்கப் போகிறார்கள்?

கலா_தாம்பரம்: பேருந்தில் பட்டனை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறதே அண்ணா. அந்த ஏற்பாட்டோடு சேர்த்துத்தான் அரசுப் பணம் கேட்கிறேன். உங்கள் தலையில் கட்டினால் இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குவீர்கள். அதில் தப்பும் இல்லை.

இரவுக்கழுகு: இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் மாநகராட்சி டாக்சிகளில் படத்தோடு பேச்சையும் ஓயாமல் பதிவு செய்யச் சொன்னது. 2012-இல் அந்நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் பேச்சுப் பதிவை நிறுத்தச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் போன மாநகராட்சி 2013-இல் தோற்றது. படம் எடுப்பதற்குத் தடை இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனில் அழுகிறவளின் பேச்சு அரசிடம் எதற்கு?

மஞ்சள்போர்டு: பேச்சு வேண்டாம், சரி. படம் எங்களுக்கும் நல்லதுதான். குடித்துவிட்டு வாடகை தராமல் சட்டையைப் பிடிக்கிறவனும் பதிவாவான் இல்லையா? ஆனால் இது என் வீட்டு வண்டியும்கூட. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு திருத்தணி போகும்போது கேமராவை அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும்.

கலா_தாம்பரம்: சுவிட்ச் உங்கள் கையில் என்றால், அப்புறம் எனக்கு எதற்கு அந்தக் கேமரா?

இரவுக்கழுகு: ஆப்பில் டிரிப் தொடங்கியதும் தானாக ஓடி, முடிந்ததும் தானாக அணையட்டுமே. நியூசிலாந்தில் 2011-இல் நகர டாக்சிகளுக்குக் கேமரா கட்டாயமானதே டிரைவர்கள் கொலையான பிறகுதான். எதிர்க்க வேண்டியது நீங்கள் இல்லை அண்ணே.

மஞ்சள்போர்டு: எதிர்க்கவில்லை, கேட்கிறேன். ஸ்டாண்டுக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிற சவாரிக்கு எந்த ஆப் தொடங்கும்?