டெர்மினலில் வரும் வேரியபிள் சர்வீஸுக்குப் போய்ச் சேரவில்லை (உபுண்டு 22.04)

சுண்டெலி:
வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது. ஒரு ஜாவா அப்ளிகேஷன் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணி நிரல்களைக் கிளப்பி நிர்வகிப்பது) சர்வீஸாக ஓடுகிறது. டேட்டாபேஸ் முகவரியும் பாஸ்வேர்டும் என்விரான்மென்ட் வேரியபிளாக (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் பெயர்-மதிப்பு) வர வேண்டும். இடிசிக்குள் இருக்கும் புரொஃபைல்.டி (/etc/profile.d) ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து எக்ஸ்போர்ட் செய்தேன். லாகின் செய்து எக்கோ போட்டால் மதிப்பு சரியாக வருகிறது. சர்வீஸ் லாகில் மட்டும் நல் (null, அதாவது மதிப்பே இல்லை). ரீபூட்கூடச் செய்தாயிற்று.

ராத்திரிஷிஃப்ட்:
புரொஃபைல்.டி லாகின் ஷெல்லுக்கு (லாகின் செய்ததும் கட்டளை தட்டக் கிடைக்கும் இடம்) மட்டும்தான். உங்கள் சர்வீஸைக் கிளப்புவது சிஸ்டம்டி. அங்கே யாரும் லாகின் செய்வதில்லை. நூறு தடவை ரீபூட் செய்தாலும் இதே கதைதான். எக்கோவை நம்பாதீர்கள், அது உங்கள் ஷெல்லைப் பற்றித்தான் சொல்லும். சர்வீஸின் பிஐடியை (ஓடும் நிரலின் எண்) எடுத்து, ப்ராக்கில் (/proc) அந்த எண்ணுக்குள் இருக்கும் என்விரான் ஃபைலை ரூட்டாக (முழு உரிமையுள்ள யூசர்) திறந்து பாருங்கள். எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம்.

சுண்டெலி:
பார்த்தேன் அண்ணா. பாத், லாங், ஹோம் என்று கொஞ்சம்தான் இருக்கிறது. என்னுடையது இல்லவே இல்லை. இடிசியில் உள்ள என்விரான்மென்ட் ஃபைலில் போட்டால்?

ராத்திரிஷிஃப்ட்:
அதைப் படிப்பது பாம் (PAM, லாகினைக் கையாளும் பகுதி). எஸ்எஸ்எச் லாகினுக்கு உதவும், உங்கள் சர்வீஸுக்கு உதவாது. அதுவும் ஸ்கிரிப்ட் இல்லை. டாலர் ஹோம் என்று எழுதினால் அப்படியே எழுத்தாக நிற்கும். சிஸ்டம்சிடிஎல் எடிட் (சர்வீஸின் அமைப்பைத் திருத்தும் கட்டளை) கொடுத்து, சர்வீஸ் பிரிவில் என்விரான்மென்ட்ஃபைல்= என்று ஒரு ஃபைலின் பாதையைக் காட்டுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

சுண்டெலி:
அந்த புரொஃபைல்.டி ஸ்கிரிப்டையே காட்டினேன். மறுபடியும் நல்! ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) ‘செல்லாத அசைன்மென்ட், விட்டுவிடுகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது.

கர்னல்காப்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வரி ‘எக்ஸ்போர்ட்’ என்று தொடங்குகிறதா? சிஸ்டம்டிக்கு அது புரியாது. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். தனி ஃபைலாக எழுதி, ரூட் பெயரில் 600 பெர்மிஷன் (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) வையுங்கள். சர்வீஸ் யூசருக்குப் படிக்கும் உரிமை தேவையில்லை, சிஸ்டம்டியே ரூட்டாகப் படித்துக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டை யூனிட் ஃபைலுக்குள் (சர்வீஸின் அமைப்பு ஃபைல்) நேராக எழுதிவிடாதீர்கள். சிஸ்டம்சிடிஎல் ஷோ போட்டால் சர்வரில் உள்ள எவருக்கும் தெரியும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சுண்டெலி:
வந்துவிட்டது! என்விரான் ஃபைலிலும் தெரிகிறது, டேட்டாபேஸும் இணைந்துவிட்டது. இருவருக்கும் நன்றி.

ராத்திரிஷிஃப்ட்:
சரி, அந்தப் பழைய ஸ்கிரிப்ட் இன்னும் அங்கேயே இருக்கிறதா?

சுண்டெலி:
ஐயோ, 644-இல் (எல்லோரும் படிக்கலாம்) இருக்கிறது, பாஸ்வேர்டோடு. இதோ அழித்துவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுகிறேன்.