ஹாங்சோ லெய்ஃபெங் பகோடா: அம்மாவுடன் போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அம்மாவுடன் சீனாவின் ஹாங்சோ போகிறோம். மேற்கு ஏரிக்கரையில் உள்ள லெய்ஃபெங் பகோடாவைப் பார்க்க அம்மாவுக்கு ரொம்ப ஆசை. 10ஆம் நூற்றாண்டில் கட்டிய பௌத்தக் கோபுரம் அது. ராசி என்று நம்பி மக்கள் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டே போனதில் பலவீனமாகி 1924இல் இடிந்து விழுந்தது. 2002இல் திரும்பக் கட்டினார்கள். பழைய இடிபாட்டை அடித்தளத்திலேயே பாதுகாத்து வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு, சரி. ஆனால் நுழைவாயிலிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? மேல்தளத்தில் உட்கார இடம் உண்டா? சூரிய அஸ்தமனம் பார்க்க எத்தனை மணிக்குள் போவது நல்லது? அப்புறம், எதிரே இருக்கும் ஜிங்சி கோயிலையும் அதே நாளில் பார்க்க முடியுமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.