பத்துக்குப் பத்து அறையில் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குமுறுகிறது, ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி கருவி வாங்கினால் சரியாகுமா?

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
வணக்கம். சேலத்தில் பழைய வீட்டு மாடி அறை, நீளம் அகலம் உயரம் மூன்றும் பத்தடி. டைல்ஸ் தரை, வெறும் சிமென்ட் சுவர். ஸ்பீக்கர் இரண்டும் சுவரை ஒட்டி மேசைமேல். தவில் போட்டால் தொப்பியில் விழும் கோலடி தனித்தனியாகக் கேட்காமல் ஒரே குமுறலாக இழுக்கிறது, ஆனால் கட்டிலில் உட்கார்ந்தால் பேஸே காணோம். கடையில் ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொல்கிறார்கள். டிஎஸ்பி மட்டும் போதுமா, சுவரில் மாட்டும் ஒலி உறிஞ்சும் பேனலும் வேண்டுமா?

அஸ்தம்பட்டி ஆடியோ:
ஆம்ப்ளிஃபயரில் காசைக் கொட்டாதீங்க. மூன்று அளவும் ஒன்றாக இருப்பதுதான் வினை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, பத்தடி என்பது 3.05 மீட்டர், 343-ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். மூன்று திசையிலும் அதே 56-ல் அறை அதிர்கிறது. சுவரோரம் அது பொங்கும், நடு அறையில் செத்துப்போகும். கட்டில் நடுவில்தானே கிடக்கிறது? அந்தப் பள்ளத்தை டிஎஸ்பியால் தூக்க முடியாது. ஏற்ற ஏற்ற, நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்தே ஏறி ஒன்றையொன்று அடித்துவிடும், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். முதலில் கட்டிலைப் பின்னால் தள்ளுங்க, ஸ்பீக்கரை முன்னால் இழுங்க.

ஏற்காட்டுக்காரன்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் பேஸ் பொங்கும் மேட்டை வெட்ட டிஎஸ்பி அருமையான கருவி, அதை ஒதுக்கிவிடாதீங்க. 56-ல் குறுகலான ஃபில்டர் போட்டுக் குறைத்தால் அளவு மட்டுமல்ல, இழுவையும் குறையும், தவில் அடி பிரிந்து கேட்கும். அளக்க யூமிக்-1 மைக், ரூம் ஈக்யூ விஸார்டு மென்பொருள் (இலவசம்); வெட்ட, விண்டோஸ் கணினி என்றால் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருள், அதுவும் இலவசம். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எல்லாவற்றிலும் தெரியும் மேட்டை மட்டும் வெட்டுங்க, 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கை வைக்காதீங்க.

பேனல் வேறு வேலைக்கு. கைதட்டினால் ணங்கென்று திரும்புகிறதே, அதற்கு நாலு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சுப் பலகை), துணி சுற்றி, பக்கச் சுவர்களில். 56-ன் அலைநீளமே ஆறு மீட்டர், நாலு அங்குலம் அதை ஒன்றும் செய்யாது. முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் இதெல்லாம் சுத்த வீண். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் இன்னும் கீழே வரை உறிஞ்சும். மலையில் எங்களுக்கு அந்த இடைவெளி கட்டாயம், மழைக்காலத்தில் சுவரை ஒட்டி மாட்டினால் துணியின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
கட்டிலைப் பின்சுவருக்கு இரண்டடி முன்னால் வரை தள்ளியாச்சு, பேஸ் வந்துவிட்டது! குமுறல் மட்டும் பாக்கி. சேலத்தில் அந்த மைக் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

அஸ்தம்பட்டி ஆடியோ:
என்னிடம் இருக்கு. ஞாயிறு காலை கொண்டுவருகிறேன், ஃபேனை நிறுத்தி அளக்கணும், தெருச் சத்தம் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம்.